கை தூக்கினால் கிட்ட வாங்க

அந்த வருஷம் நிலக்கரிச் சுரங்க நகரியத்தில் மைக் செட் வேலையில் இருந்தேன். அதற்கு முன் நெல்லிக்குப்பத்தில் கரும்பு ஏற்றினேன், திருப்பூரில் துணி மூட்டை தூக்கினேன். படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. எந்த ஊரிலும் ஆறு மாதம் தங்கியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மாதா கோயில் மண்டபத்தில் கூட்டம். வெளியூர்க் கல்லூரிப் பேராசிரியர் பேச வந்திருந்தார். மைக்கை விட்டுத் தள்ளி நின்று பேசுகிற ஆள் என்று சோதித்துப் பார்த்தபோதே தெரிந்தது. "ஐயா, பின்னாலேர்ந்து நான் கை தூக்குனா மைக் கிட்ட வந்துருங்க" என்று சொல்லி வைத்தேன். சரி என்றார்.

பொருள்கோள், அதாவது ஒன்றை எப்படிப் புரிந்துகொள்வது என்பது பற்றிப் பேசினார். பாதி எனக்கு எட்டவில்லை. ஒருவர் செய்கிற காரியத்துக்கு என்ன அர்த்தம் என்று அவர் வளர்ந்த பழக்கத்தை அறியாமல் சொல்ல முடியாது, அதற்கும் முன்னால் அவரை நம்மைப் போல ஒரு மனிதராக மதித்தாக வேண்டும், தப்பாகப் புரிந்துகொண்டாலும் திரும்பப் பேசித் திருத்திக்கொள்ளலாம் என்றார். அந்த இடத்தில் ஆம்ப்ளிஃபயர் மேலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தார். ஊரை விட்டுப் போய் இரண்டு வருஷம் கழித்து நான் முத்தாண்டிக்குப்பம் வீட்டுக்குத் திரும்பிய அன்று, வாசலில் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு வார்த்தை இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பினேன். அவர் செத்த தகவல் எனக்குக் கிடைத்தபோது காரியமே முடிந்திருந்தது. அம்மா சொன்னாள்: "கறி வாங்கத்தான்டா சைக்கிள எடுத்துகினு போனாரு. நம்ம வூட்டு ஆம்பளைங்க வந்தவங்கள வாயால வான்னு சொல்லி எப்படா பாத்த? வந்து பாத்தா நீ இல்ல. கறிய என்கிட்ட குடுத்துட்டு ஷிப்ட்டுக்குப் போயிட்டாரு."

நான் போனதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ. செத்துப்போனவரிடம் எப்படித் திருத்துவது? அதைப் பேராசிரியரிடம் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது.

பேச்சை முடித்து, "யாருக்காவது கேள்வி உண்டா?" என்றார். கை தூக்கினேன். அவர் எனக்குத் தலையசைத்துவிட்டு மைக் அருகே வந்து, "யாருக்காவது கேள்வி உண்டா?" என்றார், இன்னும் சத்தமாக. குரல் கொடுக்கத் தைரியம் வரவில்லை. கையையும் இறக்கவில்லை. உதடு மைக்கில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

கூட்டம் நடத்தியவர் வேகமாக வந்தார். "என்னப்பா, அவரு மைக்க முழுங்கணுமா?"

"இல்லீங்க சார், ஒரு கேள்வி..."

"எல்லாம் அப்புறம் கேளு. டீச்சரம்மா நன்றி சொல்லணும், ஸ்டாண்ட எறக்கிக் குடு."

மேடைக்குப் போனேன். பேராசிரியர் ஒரு கை தூரத்தில் நின்றார். "கை தூக்கிக்கிட்டே இருந்தீங்களே தம்பி, கடைசியிலயாவது சரியா இருந்துச்சா?"

டீச்சர் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அப்பாவை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"சரியா இருந்துச்சுங்கய்யா" என்று சொல்லிவிட்டு ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தினேன்.