காத்துக்காரி வைத்த இறக்கை

பட்டறையில் அவளுக்குக் காத்துக்காரி என்று பெயர். சின்ன வயதில் மின்விசிறி முன்னால் நூலைக் கட்டிவிட்டு, அது ஏன் அப்படி ஆடுகிறது என்று சோற்றை மறந்து பார்த்தவள். இன்று பந்தயக் கார்களுக்கு இறக்கை வடிவமைக்கிறாள். விமான இறக்கையைக் கவிழ்த்து வைத்தது போலிருக்கும். வண்டியைத் தூக்காது, தரையோடு அழுத்தும். அந்த அழுத்தம்தான் வளைவில் சக்கரத்தை வழுக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

வண்டியை ஓட்டுபவன், அவள் தாய்க்குத் தாயாக இருந்து ஆளாக்கிய தம்பி.

இந்த வருடம் முன் இறக்கையைத் தாழ்த்தி வைத்திருந்தாள். தரையை நெருங்கினால் அழுத்தம் கூடும் என்பது அவள் கணக்கு. ஆனால் நேர்பாதை முடியும் வளைவுக்கு வெகுமுன்பே தம்பி பிரேக்கைத் தொட்டுவிடுகிறான்.

“தம்பிக்குப் பயம் வந்துடுச்சும்மா,” என்றார் முதலாளி. “இன்னிக்கும் இப்படின்னா வேற ஆளை உட்கார வெச்சிடுவேன்.”

“ஏன்டா, பயமா?” என்று தம்பியிடம் கேட்டாள்.

“எனக்குப் பொண்ணு பார்க்கிறேன்னு நீ சொன்னப்ப பயந்ததுதான்க்கா கடைசி.”

சிரித்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அது அவளை உறுத்தியது.

காற்று போகும் வழி தெரிய, இறக்கையின் அடியில் கம்பளி நூல்துண்டுகளை ஒட்டி, பக்கத்தில் சின்னக் கேமராவைப் பொருத்தினாள். “ஒரே ஒரு தடவை, மத்தவங்க பிடிக்கிற இடத்துல பிரேக் பிடி.”

தயங்கினான். “சரிக்கா.”

வண்டி வளைவில் திரும்பாமல் நேரே, தடம் மாறும் வண்டிகளை நிறுத்த ஓரத்தில் கொட்டியிருந்த ஜல்லிப்படுகைக்குள் பாய்ந்தது. அவள் ஓடினாள். அவன் தூசி தட்டிக்கொண்டு இறங்கினான்.

படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். வாரிவிட்ட கூந்தல்போலப் படிந்திருந்த நூல்கள், பிரேக்கில் வண்டி மூக்கைத் தாழ்த்தியதும் தாறுமாறாகச் சுருண்டன. இடைவெளி குறுகி, அடியில் காற்று திணறிப்போயிருந்தது. அழுத்தம் போனால் சக்கரம் எப்படிப் பிடிக்கும்?

“அவனுக்குப் பயமில்ல சார்,” என்றாள். “தப்பு நான் வெச்ச இறக்கையில.” தம்பி பக்கம் திரும்பினாள். “உனக்குத் தெரியுமா?”

“சந்தேகம் இருந்துச்சு.”

“ஏன்டா சொல்லல?”

“உன் இறக்கையாச்சேக்கா. என்னைப் பயந்தாங்கொள்ளின்னா சொல்லிட்டுப் போகட்டும்.”

“மண்டு,” என்றாள். கண்ணீரை எண்ணெய்க் கையாலேயே துடைத்ததில் கன்னமெல்லாம் கறுப்பு.

ஜல்லியைத் தட்டி, இறக்கையை ஒரு விரல் அகலம் உயர்த்தினார்கள். மறுபடி ஓடியபோது, வழக்கமாக அடங்கும் இடத்தைத் தாண்டியும் எஞ்சின் சத்தம் அடங்கவில்லை. வளைவை ஒட்டி வந்துதான் பிரேக் பிடித்தான். வண்டி சொன்ன பேச்சுக் கேட்டுத் திரும்பியது.

“தம்பியே ஓட்டட்டும்மா,” என்றார் முதலாளி.

திரும்பி வந்து நின்ற வண்டியின் முன்னால் அவள் குப்புறப் படுத்து, தரையில் கன்னம் வைத்து, அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எழுந்திரு அக்கா, மேல ஏத்திடப்போறேன்.”

“இருடா. காத்து எந்த இடத்துல திணற ஆரம்பிக்குதுன்னு தெரியணும். இன்னும் கொஞ்சம் நூல் கொண்டா.”