கயிறு வேண்டாம் அண்ணே!

கார் என்றால் நடுவழியில் நிற்கத்தான் செய்யும். ஆனால், அதற்கு ஒரு நேரங்காலம் வேண்டாமா?

போன ஞாயிற்றுக்கிழமை, கம்பம் பக்கத்தில் என் சித்தி மகள் ஜெயராணியின் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஞானத்தாய் நான்! தேனியிலிருந்து கிளம்பி, சின்னமனூரைத் தாண்டியதும் எங்கள் கார் நின்றுவிட்டது. என்ஜின் உறுமுகிறது. சக்கரம் நகரவில்லை. குழந்தைக்கான வெள்ளைக் கவுனை மடியில் வைத்துக்கொண்டு நான்... ஸ்டீயரிங்கை முறைத்துக்கொண்டு கணவர்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தோம்.

"ரெக்கவரி வண்டி வர நேரமாகும் மேடம். உங்களோடது ஆட்டோமேட்டிக். யாராவது கயிறு கட்டி இழுக்கறேன்னு வந்தா விடாதீங்க. முன் சக்கரம் ரோட்டுல உருண்டா கியர்பாக்ஸ் போயிடும்" என்றார் அங்கிருந்த பெண்.

போனை வைத்தேனோ இல்லையோ, ஒரு டிராக்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஓடைப்பட்டி விவசாயி. பின்னால் காலி டிரெய்லரில் அவர் மனைவி.

"என்ன தங்கச்சி, இங்கன நிக்கிறீக? வண்டி மக்கர் பண்ணுதாக்கும்?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நைலான் கயிற்றோடு இறங்கி, பம்பருக்கடியில் குனிந்துவிட்டார்.

"இதுல லோடு லாரியவே இழுத்திருக்கேன். இது என்ன... தீப்பெட்டி!"

"மெதுவாத்தானே இழுப்பாரு?" என்று கணவர் என் காதில் கிசுகிசுத்தார். எனக்கும் சபலம்தான். மாதா கோயிலில் பூசை ஆரம்பித்திருக்கும். குழந்தையைவிட கியர்பாக்ஸ் பெரிதா?

ஆனாலும் சொல்லிவிட்டேன். "கயிறு வேண்டாம் அண்ணே. இது ஆட்டோமேட்டிக். இழுத்தா கியர்பாக்ஸ் போயிருமாம்."

அவர் முகம் வாடிவிட்டது. "ஒத்தாசை பண்ண வந்தா இப்படித்தான்" என்று முணுமுணுத்தபடி கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். எனக்கோ சங்கடம். சட்டென்று ஒரு யோசனை...

"அண்ணே, காரை இழுக்க வேண்டாம். என்னைய இழுத்துட்டுப் போறீகளா?"

அவர் திகைத்துப் பார்த்தார். மனைவி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "ஏறு ஆத்தா!" என்று கையை நீட்டினார்.

கணவரைக் காருக்குக் காவல் வைத்துவிட்டு, பட்டுப்புடவையை இழுத்துச் செருகி ஏறினேன். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே அப்படி ஒரு காற்று! ஏசி காரில் அது கிடைக்குமா?

கோயில் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற ஜெயராணி, டிராக்டரிலிருந்து குதித்த ஞானத்தாயைப் பார்த்து அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள். கொண்டுவந்த கவுனைப் போட்டுக் குழந்தையை ஏந்திக்கொண்டேன். ஃபாதர் அதன் தலையில் தண்ணீர் ஊற்றியதும் ஒரு வீறல்... நெஞ்சு நிறைந்துவிட்டது.

டிராக்டர் தம்பதியை ஜெயராணி விடவில்லை. பிரியாணிப் பந்தி நடக்கும்போது, கம்பம் ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் வழியில் ரெக்கவரி வண்டியும் வாசலில் வந்து நின்றது. முன்னால் கணவர். பின்னால் மேடையில், நான்கு சக்கரமும் பெல்ட்டால் கட்டப்பட்ட எங்கள் கார்.

"அடேயப்பா! ஞானத்தாய் பிள்ளைக்குக் காரே வாங்கிட்டு வந்துட்டாக!" என்று ஒரு குரல். பந்தியே எழுந்து வந்துவிட்டது!

டிராக்டர் அண்ணன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பெல்ட்டுகளை இழுத்துப் பார்த்தார்.

"சக்கரத்துல மட்டும் கட்டியிருக்காக. பாடியில ஒரு கீறல் இல்ல. சரிதான் தங்கச்சி" என்று சிரித்தார். கோபம் போயே போச்சு!

உதவ வருகிறவரைத் தடுப்பது கஷ்டம். அவருக்கு வேறு வேலை கொடுப்பது சுலபம்.

'நானும் உதவட்டுமா' என்று சமையலறைக்குள் நுழையும் கணவர்களிடமும் இதை முயன்று பார்க்கலாம்!