ஹப்சிகுடா ரூம் டீயில் கை வைத்தது யார்?

நேற்று என் வீட்டில் மூன்று பேருக்கு மூன்று பாத்திரத்தில் டீ போட்டேன்!

(பாத்திரம் தேய்க்கும் அக்கா இந்த வாரம் லீவ். அந்த வீரத்துக்கும் சேர்த்து லைக் போடுங்கள்.)

வந்தவர்கள் மெர்லினும் நஸீமாவும். கல்யாணத்துக்கு முன்னால் ஹைதராபாத் ஹப்சிகுடாவில் ஒரே வீட்டில் நான்கு வருடம் ஒன்றாகக் குப்பை கொட்டினோம். மெர்லின் நாகர்கோவில், நஸீமா மதுரை, நான் கரூர். மூன்று பேருக்கும் அதுதான் முதல் வேலை.

பிறகு மெர்லின் சென்னைக்கும் நஸீமா பெங்களூருக்கும் போய்விட்டார்கள். நான் மட்டும் இங்கேயே உப்பலில் செட்டில். ஒன்பது வருடமாகப் பிறந்தநாள் வாழ்த்தும், குழந்தை போட்டோவுக்கு ஒரு ஹார்ட்டும்தான் எங்கள் நட்பு.

இந்த வாரம் மெர்லினுக்குப் பேகம்பேட்டில் ஆபீஸ் ட்ரெய்னிங். நஸீமாவுக்கு இதே ஊரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். விடுவேனா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

வந்தார்கள். கட்டிப்பிடித்தோம். உட்கார்ந்தோம்.

"டீ யாருக்கு எப்படிடி வேணும்?"

"எனக்கு லைட்டா போதும் மக்கா. கேஸ் பிரச்சினை கெடக்கு," என்றாள் மெர்லின்.

"எனக்குச் சீனி வேணாம்டி. டாக்டர் திட்டுவாரு," என்றாள் நஸீமா. "உனக்கு எதுக்குச் சிரமம்?"

சிரமமாம்! என் தட்டில் இருப்பதைக் கேட்காமலே எடுத்துத் தின்றவள்!

மெர்லின் உதவிக்கு எழுந்தாள். "நக்கோ நக்கோ, வேணாம்டி, நீ உக்காரு," என்றேன். ஹைதராபாத் என் நாக்கில் ஏறி ரொம்ப நாளாகிறது. பழைய மெர்லினாக இருந்தால் இந்த 'நக்கோ'வை வைத்தே அரை மணி நேரம் என்னை ஓட்டியிருப்பாள். நேற்று மரியாதையாகச் சிரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

டீ குடித்தோம். உஸ்மானியா பிஸ்கட் சாப்பிட்டோம். பிள்ளைகளின் ஸ்கூல் பற்றிப் பேசினோம். அபார்ட்மென்ட் தண்ணீர்ப் பிரச்சினை பற்றிப் பேசினோம். பிறகு பேச எதுவும் இல்லை.

மெர்லின் போனை எடுத்தாள். நஸீமா, "கேப் புக் பண்ணிரவா?" என்று கேட்டுக்கொண்டே புக் செய்துவிட்டாள். மணி ஐந்தரைகூட ஆகவில்லை.

எனக்குப் பக்கென்றது. இவ்வளவுதானா நாங்கள்? அடுத்த தடவை இந்த ஊருக்கு வந்தால் இவர்கள் என்னிடம் சொல்லக்கூட மாட்டார்கள் என்று தோன்றியது.

அப்போதுதான் நஸீமா காலிக் கப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "டீ நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம ரூம்ல குடிச்ச டீ மாதிரி அதுக்கப்புறம் எங்கயுமே குடிச்சதில்லடி. நானும் எத்தன தடவ போட்டுப் பாத்துட்டேன். வரவே மாட்டேங்குது."

மெர்லின் போனைக் கீழே வைத்தாள். "நானும் போட்டுப் பாத்தேன். அந்த ருசி வரவே இல்ல, கேட்டியா."

நானும்தான் போட்டுப் பார்த்திருக்கிறேன். எனக்கும் வரவில்லை!

அந்த ரூம் டீ பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரே அடுப்பு, ஒரே பாத்திரம், அரை லிட்டர் பால். மெர்லினுக்குத் தூள் தூக்கலாக வேண்டும். நஸீமாவுக்கு இஞ்சி இல்லாவிட்டால் அது டீயே இல்லை. எனக்குச் சர்க்கரை. முதல் மாதம் முழுக்கச் சண்டை போட்டு, கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். தூள் மீடியம், சர்க்கரை மீடியம், இஞ்சி கிடையாது. யார் முறை வந்தாலும் இதே டீ.

"அந்த மீடியம் டீ எப்படிடி அவ்ளோ நல்லா இருந்துச்சு?" என்றேன்.

நஸீமா காலிக் கப்பை எடுத்து மறுபடி ஒரு வாய் குடித்தாள். மெர்லின் பிஸ்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கோவப்படப்பிடாது," என்றாள் மெர்லின். "பால்கனிக்கு அடுக்களை வழியாத்தான போணும்? துணி காஞ்சிட்டான்னு பாக்கப் போறப்ப, ஒரு ஸ்பூன் தூள் போட்டுட்டுப் போவேன். டெய்லி."

"அடிப்பாவி!" என்று கத்தினாள் நஸீமா. "நான் தண்ணி பாட்டில் ரொப்பப் போறப்பல்லாம் இஞ்சியத் துருவிப் போட்டுட்டு வந்தேன்டி!"

"இஞ்சி வாசன வருதேன்னு கேட்டப்ப, பக்கத்து வீடுன்னு சொன்னியே!" என்றாள் மெர்லின்.

"பின்ன, நான்தான்னு சொல்லுவனா?"

இரண்டு பேரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள்.

(என் போன் சார்ஜர் சமையலறையில்தான் இருக்கும். சர்க்கரை டப்பாவும் அதன் பக்கத்தில்தான் இருக்கும். இதற்கு மேல் என்னை எதுவும் கேட்காதீர்கள்!)

நான்கு வருடம்! தினமும் ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக்கொண்டு உள்ளே போய்க் கை வைத்திருக்கிறோம். பிறகு ஒன்றாக உட்கார்ந்து, "மீடியம்னா மீடியம்தான்டி!" என்று பாராட்டிக்கொண்டு குடித்திருக்கிறோம்.

வயிறு வலிக்கச் சிரித்தோம். நஸீமா சோபாவிலிருந்து தரைக்கு இறங்கிவிட்டாள். சிரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. மூன்று ஊரில் மூன்று பேரும் அந்த ஒரு டீயைத் தேடியிருக்கிறோம். எப்படி வரும்? ஆளுக்கு மூன்றில் ஒரு பங்குதானே தெரியும்!

உடனே சமையலறைக்குப் போனோம். ஒரே பாத்திரம். இந்தத் தடவை ஒளிவு மறைவில்லாமல், ஒருத்தியை ஒருத்தி முழங்கையால் இடித்துக்கொண்டே அவரவர் பங்கைப் போட்டோம்.

அதே டீ வந்ததா என்கிறீர்களா?

உண்மையைச் சொல்கிறேன். வாயில் வைக்க முடியவில்லை! ஒரே கசப்பு, காரம், அதற்கு மேல் தித்திப்பு. இதைத்தான் நான்கு வருடம் குடித்தோமா என்று மெர்லின் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. நஸீமா புக் செய்த கேப் கீழே வந்து, காத்திருந்து, கேன்சல் ஆகிப் போனது. அடுத்ததைப் புக் செய்ய யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

மக்களே, உங்கள் டீயில் உங்களுக்குத் தெரியாமல் கை வைத்தவர்கள் யாராவது உண்டா?

இன்றைக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

சத்தியமாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இருந்தாலும் போடுங்கள்.