பின்னுக்குப் போகாத கப்பல்

அறையில் நான் இருந்தேன். என் பெண்சாதி இருந்தாள். அவளுடைய தம்பி, என் மச்சான், ரீவிக்கு முன்னால் பாயில் இருந்தான். இறால் வாங்க வந்து திரும்பிப் போக வழியில்லாமல் நின்ற காத்தான்குடி யாவாரி கதவோரம் கதிரையில் இருந்தார். வேறு ஒருவரும் இல்லை.

யுத்தம் முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன நாள். காலை பத்து மணி இருக்கும். றோட்டில் வெடி கொளுத்தினார்கள். வாவியில் ஒருத்தரும் இறங்கக்கூடாது என்று ஆமிச் சென்றியில் சொல்லிவிட்டார்கள். நாவற்குடாவில் கடையெல்லாம் பூட்டு. ஒவ்வொரு வெடிக்கும் என் பெண்சாதியின் தோள் துடித்தது. அதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை. மச்சான் ரீவியில் விளையாடிய கேமைப் பார்த்தோம்.

கேம் பெட்டி யாவாரி தந்தது. அவருடைய மூத்த மகன் கட்டாரில் இருந்து கொண்டுவந்த பழைய சாமான். மகனுக்கு அலுத்துவிட்டது. என் மச்சான் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று இரக்கப்பட்டு இவர் கொண்டுவந்து தந்தார். அதற்கு முதல் சுவர். அதற்குப் பிறகு இது. இரண்டு வருசம்.

எனக்கு மச்சான் தேவை. தோணிக்கு இரண்டு பேர் வேண்டும். பின்னால் ஒருவன் கம்பு ஊன்றவேண்டும். முன்னால் ஒருவன் வலை இழுக்கவேண்டும். சுனாமிக்குப் பிறகு அவன் தோணியில் கால் வைக்கவில்லை. நான் கரையோரம் தனியே வீச்சு வலை எறிந்து சீவித்தேன். ஏன் வரமாட்டாய் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

சுனாமி அன்று நாங்கள் இரண்டு பேரும் வாவியில் வலை இழுத்துக்கொண்டிருந்தோம். கடல் நடுவில் கிடந்த நாவலடி மணலைத் தாண்டி வாவிக்குள் விழுந்தது. கூரை வந்தது. மரம் வந்தது. ஆட்கள் வந்தார்கள். மச்சான் முன்னால் நின்று தூக்கினான். நான் பின்னால் கம்பு பிடித்தேன். அவனுடைய பெண்சாதி நாவலடியில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். தோணி நிறைந்து, விளிம்போடு தண்ணீர் நின்றது. பின்னால் ஒரு கூரைத் தகட்டின் பக்கத்தில் பச்சைத் துணி தெரிந்தது. கையும் தெரிந்தது.

“திருப்புங்க அத்தான்” என்றான்.

நான் கரைக்கு ஊன்றினேன். இன்னொரு தரம் சொன்னான். மூன்றாம் தரம் சொல்லவில்லை.

அது அவள்தானா என்று இன்றைக்கும் தெரியாது. அவளுடைய உடல் கிடைக்கவில்லை.

கேமைப் பற்றிச் சொல்கிறேன். நீலத் தண்ணீர். அதற்குள் ஓடுகிற மஞ்சள் கப்பல். இடப்பக்கம் இருந்து வலப்பக்கம் போகும். எதிரே மீன் வரும், கணவாய் வரும், உருண்டைக் குண்டு மிதந்து வரும். சுட்டுக்கொண்டே போகவேண்டும். இடையில் ஆட்கள் மிதப்பார்கள், நகத்தளவு ஆட்கள். கப்பலின் மூக்கால் தொட்டால் உள்ளே வந்துவிடுவார்கள். ஆறு பேர் சேர்ந்ததும் மேலே போய் இறக்கவேண்டும்.

நல்லது இரண்டு இருக்கிறது. ஒன்று மூச்சு. கீழே ஒரு சிவப்புக் கோடு குறைந்துகொண்டு போகும். அது முடிவதற்குள் மேலே வராவிட்டால் கப்பல் போச்சு. அந்தக் கேமைச் செய்தவன் ஒரு தரமாவது தண்ணீருக்குள் மூச்சு முட்டியிருப்பான். அது பொய் இல்லை. மற்றது, படிக்காத ஆளும் விளையாடலாம். எழுத்து வாசிக்கத் தேவையில்லை. கையில் பிடிக்க ஒரு கட்டை, நாலு பக்கம் அழுத்த ஒரு பொத்தான், சுட ஒரு பொத்தான். அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் எனக்கு ஆத்திரம். எந்த மீன் ஆளைத் தேடி வந்து முட்டும்? மீன் ஓடும். முப்பது வருசம் அதன் பின்னால் போனவன் நான். தண்ணீர் கடைசிவரை நீலமாகவே இருக்கிறது. எங்கள் தண்ணீர் அன்று கறுப்பு. சேறு இல்லை, நீரோட்டம் இல்லை. மீனில் நாம் சுட்ட குண்டு பட்டால் டிக் என்று ஒரு சத்தம். தவறி மிதக்கிற ஆளில் பட்டாலும் அதே டிக். மீனுக்கும் மனிசனுக்கும் ஒரே சத்தம் வைத்திருக்கிறான். ஆள் போனதற்குக் கப்பல் ஒரு கணம் நிற்பதும் இல்லை.

அவன் நாள் முழுக்க அதைத்தான் கேட்டான். நான் சோறு தின்னும்போதும் டிக். கிழிந்த வலை பொத்தும்போதும் டிக். பெட்டியைத் தூக்கி வாவியில் எறிய இரண்டு தரம் எழும்பினேன். பெண்சாதி பார்த்த பார்வையில் இருந்துவிட்டேன்.

வெடிச் சத்தம் கொஞ்சம் அடங்கிய நேரம் மச்சான் கட்டையை என்னிடம் நீட்டினான். அதற்கு முதல் ஒரு நாளும் நீட்டியதில்லை.

“நீங்க ஓட்டுங்க” என்றான்.

வாங்கினேன். கம்பை இடப்பக்கம் ஊன்றித் தள்ளினால் தோணி வலப்பக்கம் திரும்பும். கை அந்தப் பழக்கத்தில் போனது. மேலே போகக் கீழே அழுத்தினேன். கப்பல் நேரே போய்க் குண்டில் முட்டியது. திரும்பவும் அழுத்தினேன். திரும்பவும் முட்டியது.

“முப்பது வருசம் தோணி தள்ளின ஆள். ஒரு சாண் தண்ணியில கவிழ்த்துப்போட்டாரு” என்றார் யாவாரி.

“அவரு கரையிலயும் அப்பிடித்தான் காக்கா” என்று யாவாரியை அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் என் பெண்சாதி.

மச்சான் சிரிக்கவில்லை. மூன்றில் கடைசிக் கப்பல் வந்தது. இந்த முறை கை பழகிவிட்டது. ஒரு ஆளை ஏற்றினேன். பிறகு இன்னும் மூன்று பேர். ஐந்தாவது ஆள் அடியில் கிடந்தது. கணவாய் குறுக்கே வந்தது. விலத்திக்கொண்டு போனேன். ஆள் பின்னால் போய்விட்டது.

“திருப்புங்க அத்தான்” என்றான் மச்சான்.

குரல் உயரவில்லை. அன்றைக்குச் சொன்ன அதே குரல்.

நான் இடப்பக்கம் அழுத்தினேன். கப்பல் ஒரு விரல் அகலம் பின்னுக்குப் போய் நின்றது. தண்ணீர் நிற்கவில்லை. முழுப் படமும் இடப்பக்கம் ஓடியது. பொத்தான் உள்ளே போகும்வரை அழுத்தினேன். அந்த ஆள் ரீவியின் விளிம்புக்குப் போனது. பாதியாகத் தெரிந்தது. பிறகு இல்லை.

யாவாரி நல்ல மனுசன். அவருக்கு எங்கள் கதை தெரியும். “அது அப்பிடித்தான் தம்பி. செஞ்சவன் பின்னுக்குப் போக வழி வெக்கல்ல. ஓட்டுறவன்ட பிழை இல்ல” என்றார்.

நாலரை வருசமாக இதைத்தான் எல்லாரும் எனக்குச் சொன்னார்கள். ஓட்டினவன் பிழை இல்லை. கோயிலில் சொன்னார்கள். சுனாமி முகாமில் படிவம் நிரப்ப வந்தவர்கள் சொன்னார்கள். என் பெண்சாதி சொன்னாள். நானும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சுக்குப் பின்னால்தான் இவ்வளவு காலமும் நின்றேன். இப்போது ஒரு விளையாட்டுச் சாமானும் எனக்குச் சாட்சி சொல்ல வருகிறது.

கட்டையைப் பாயில் போட்டேன். கப்பல் எதிலோ முட்டியது. டிக்.

“தோணி திரும்பும்” என்றேன். “இந்தச் சாமான்தான் திரும்பாது. தோணி திரும்பும். நான்தான் திருப்பல்ல. கவிழும் எண்டு பயந்தன்.”

என் பெண்சாதி என் பெயரைச் சொல்லிக் கையைப் பிடித்தாள். கையை எடுத்துக்கொண்டேன். வெளியில் திரும்பவும் வெடி தொடங்கியது. ஒருத்தரும் துடிக்கவில்லை.

மச்சான் எழும்பி ரீவியை நிறுத்தினான். கட்டையின் வயரைச் சுற்றினான். நிதானமாகச் சுற்றினான்.

“இத அண்டைக்குச் சொல்லியிருக்கலாம்” என்றான். பெட்டியை யாவாரியின் மடியில் வைத்தான்.

மூன்றாம் நாள் வாவி திறந்தது. விடிந்து கொஞ்ச நேரம். நான் தோணியில் வீச்சு வலையை வைத்துக்கொண்டிருந்தேன். மச்சான் இழுக்கிற வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். வலையை உள்ளே போட்டான். ஏறினான். பின்பக்கம் போய்க் கம்பை எடுத்தான். அது என் இடம். நான் முன்பக்கம் போய் இருந்தேன்.

வாவிப் பாலத்தைத் தாண்டி நாவலடிப் பக்கம் ஊன்றினான். பச்சைத் துணி தெரிந்த இடத்துக்கு வந்ததும் தோணியைத் திருப்பினான். முழு வட்டம். இன்னொரு தரம் திருப்பினான். தோணி இலேசாகத்தான் திரும்பியது. நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அண்டைக்கு எத்தின பேர ஏத்தின நாம?” என்று கேட்டான்.

நான் அதுவரை எண்ணியதில்லை. விட்டதை மட்டும்தான் எண்ணியிருந்தேன். முன்னால் இருந்து சொல்லிக்கொண்டு வந்தேன். சட்டை கிழிந்த இரண்டு இளந்தாரிகள். ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும். கால் முறிந்த மேசன். வயசான புருசனும் பெண்சாதியும். நான் உடுத்திருந்த சாரத்தைக் கழற்றிக் கொடுத்து மூடிய பொம்பிளை. பெயர் சொல்லாத ஒரு ஆள்.

பதினொன்று.