கட்டுநாயக்க போகும் காருக்கு மூன்று பிளக்

எங்கள் காருக்கு மூன்று பிளக்; எஞ்சினில் பொறி தட்டுகிறவை. பெரிய கார்களுக்கு நான்கு இருக்குமாம். எங்களுடையது சின்னது, மூன்றோடு சரி. பத்து வயதுச் சிறுமியான எனக்கு இதெல்லாம் தெரிந்திருந்ததற்குக் காரணம் அறிவு அல்ல, பயம். அந்த மூன்றில் ஒன்று ஏமாற்றினாலும் அம்மா திரும்பிப் போய்விடுவாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நம்ப வைத்தது அம்மாவேதான். குவைத்தில் ஒரு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம் தாண்டியிருந்தது. வரப்போகும் நாளைச் சொல்ல அழைத்தபோது, வாடகைக்கு வான் எதுவும் பிடிக்கப்போவதில்லை, பன்விலயிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் வரைக்கும் நம்முடைய காரிலேயே வந்துவிடுவோம் என்று அப்பா பெருமையடித்தார். பின்சீட்டைக் கழற்றிவிட்டு, கோவாவும் போஞ்சியுமாகக் காய்கறி அடுக்கி, வத்தேகம சந்தைக்குக் கொண்டுபோகிற கார் அது. ஏற்றத்தில் விக்கல் எடுக்கும். அது அம்மாவுக்கும் தெரியும். தொலைபேசியில் சிரிக்கிற சத்தம் கேட்டது.

“அந்த டப்பாவ நம்பி நான் எறங்கணுமா? நீங்க வந்து நிக்கலன்னா அடுத்த பிளேன்லயே ஏறித் திரும்பிப் போயிருவேன், பாத்துக்கங்க.”

அப்பா சிரித்தார். பக்கத்தில் இருந்த சித்தப்பாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் தடவை, வெளிநாடு போகப்போகிறேன் என்று சொன்னபோதும் அம்மா இப்படித்தான் சிரித்துக்கொண்டு சொன்னாள். சொன்னபடி போனாள்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கார் விக்குவதற்குப் பிளக்தான் காரணம் என்று அப்பா சொல்லியிருந்தார். இரண்டு வருடமாக அவற்றைக் கழற்றி, கரியைச் சுரண்டி, திரும்பவும் மாட்டியே காலம் தள்ளிக்கொண்டிருந்தார். புதுசு போடுங்க, புதுசு போடுங்க என்று அவர் பின்னாலேயே திரிந்தேன். அவரும் சரி என்றார். அந்த நேரம் பார்த்துத்தான் சித்தப்பா உள்ளே நுழைந்தார்.

சித்தப்பா வத்தேகமயில் ஆட்டோ ஓட்டுகிறவர். எங்கள் பக்கத்தில் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. கடையில் புதிதாக விற்பதைவிட, ஜப்பான்காரன் ஓட்டித் தேய்த்துக் கழற்றிப் போட்ட சாமான் உசத்தி. ‘ரீகண்டிஷன்’ என்ற சொல்லைக் கேட்டாலே பெரியவர்கள் முகத்தில் ஒரு மரியாதை வந்து உட்காரும். புது பிளக்கெல்லாம் டூப்ளிகேட் அண்ணே, காச ஆத்துல போடாதீங்க என்று அப்பாவை மடக்கிவிட்டு, எங்கிருந்தோ மூன்று ஜப்பான் பிளக்குகளைக் கொண்டுவந்தார். வெள்ளிபோல மின்னின. எனக்கே ஒரு கணம் நிம்மதியாக இருந்தது.

அம்மா சனிக்கிழமை காலையில் இறங்குகிறாள். வியாழன் பின்னேரம் அவற்றை மாட்டினார்கள். ஒன்றைக் கழற்றி, அதன் இடத்தில் புதியதைப் போட்டு, வயரையும் செருகிவிட்டுத்தான் அப்பா அடுத்ததைத் தொடுவார். வயர் மாறினால் எஞ்சின் குழம்பிவிடும். எல்லாம் முறையாகத்தான் நடந்தது. ஆனால் கார் முன்னைவிட மோசமாக உதறியது. சூடேறினால் சரியாகிவிடும் என்று சித்தப்பா அடித்துச் சொன்னார். சூடேற்றக் கொண்டுபோனோம். கோயிலைத் தாண்டியதும் வருகிற முதல் ஏற்றத்தில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, கார் இரண்டு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது. பின்னோக்கி உருட்டித்தான் வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் நான் அழுதேன். பிள்ளைக்குக் காரின்மேல் எவ்வளவு பாசம் என்று சித்தப்பா வியந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம்பிடித்து அவர்களோடு வத்தேகமவுக்குப் போனேன். அது வெள்ளிக்கிழமை என்பது எங்கள் மூவருக்குமே மறந்துபோயிருந்தது. மோட்டார் சாமான் கடை முதலாளி ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார். பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்தோம். அவர் வராமலே இருந்துவிட்டால்? கடையில் பிளக் இல்லாவிட்டால்? அம்மா விமானத்தைவிட்டு இறங்கி, எங்களைத் தேடிப் பார்த்துவிட்டு, மறுபடி படியேறுவதை நான் மனதுக்குள் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் தொப்பி போட்ட ஒவ்வொருவரும் முதலாளியாகவே தெரிந்தார்கள்.

கடைசியில் வந்தார். சாவகாசமாகக் கதவைத் திறந்தார். அப்பா, மாதிரிக்குக் கொண்டுவந்த பழைய பிளக்கையும் சித்தப்பாவின் ஜப்பான் பிளக்குகளையும் மேசையில் வைத்தார். முதலாளி ஜப்பான் பிளக்குகளில் ஒன்றை எடுத்துப் பெட்ரோல் துணியால் துடைத்தார். வெள்ளி நிறம் துணியோடு வந்துவிட்டது. வெள்ளைப் பீங்கானில் மயிர்போல ஒரு வெடிப்பு தெரிந்தது.

“பெயின்ட் அடிச்சீக்கி. யாரு இதத் தந்த?”

சித்தப்பா வெளியே போய், தொங்கவிட்டிருந்த டயர்களை ரொம்ப அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினார்.

முதலாளி இரண்டு வகைப் புது பிளக்குகளை எடுத்துவைத்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றின் மரை மட்டும் கொஞ்சம் நீளம். அது உள்ளே அதிகமாக இறங்கி பிஸ்டனில் இடித்துவிடும், எஞ்சினே போய்விடும் என்று விளக்கினார். நான் எட்டிப் பழையதை எடுத்துப் புதியதோடு சேர்த்துப் பிடித்து அளந்து பார்த்தேன். யாரையும் நம்புகிற நிலையில் நான் இல்லை. எங்கே பயணம் என்று முதலாளி கேட்டார்.

“கட்டுநாயக்கவுக்கு,” என்றார் அப்பா. “ரெண்டு தரம் போய் வரணுங்க. நடுவழியில நிக்கக்கூடாது.”

ஒரு தரம்தானே என்று யோசித்தேன். விமானம் பிந்தினால் மறுபடி போக வேண்டிவரும் என்று அப்பா முன்யோசனையாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். முதலாளி அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மிட்டாய் போத்தலைத் திறந்து என் கையில் இரண்டு டொபி வைத்தார்.

பின்னேரம் அப்பா தனியாக மாட்டினார். விரலாலேயே திருகித் திருகி, இனி ஓடாது என்கிற இடத்தில்தான் ஸ்பேனரைப் போட்டார். அதிலும் ஒரு சின்னத் திருகல், அவ்வளவுதான். இன்னும் இறுக்குங்கப்பா என்று கெஞ்சினேன். ரொம்ப இறுக்கினால் மரை போய்விடும், பிறகு எதுவுமே நிற்காது என்றார். மனமே இல்லாமல் விட்டுக்கொடுத்தேன். சாவியைத் திருப்பியதும் கார் ஒரே சீராக உறுமியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

பின்சீட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு விடியும் முன்னே கிளம்பினோம். முன்னே பின்னே நான்கு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சித்தப்பா தன் பாவத்தைக் கழுவினார். நாங்கள் போய் வெகுநேரம் காத்திருந்த பிறகுதான் அம்மா தள்ளுவண்டியோடு வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள். நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காரிடம்தான் போனேன். மூணும் புதுசும்மா என்றேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கதவைத் திறந்து, கோவா வாசனையை முகர்ந்து, சிரித்து, பிறகு அழுதாள்.

திரும்பும்போது கடுகண்ணாவை ஏற்றம் வந்தது. இங்கேதான் எல்லாம் தெரியும். அம்மாவின் மடியில் தலை வைத்திருந்தாலும் என் காது முழுக்க எஞ்சினில் இருந்தது. பாறைக் குகையைத் தாண்டினோம், வளைவுகளைத் தாண்டினோம், ஒரு விக்கல்கூட இல்லை. மேலே ஏறி முடிந்ததும் எழுந்து உட்கார்ந்தேன்.

“கார் நல்லா ஓடுது. இனி திரும்பிப் போக வேணாம் தானேம்மா?”

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா தேவையில்லாமல் கியரை மாற்றினார்.

ஒரு மாதம்போல இருந்தாள். பிறகு ஒரு காலையில், இருட்டு விலகும் முன்பே, அப்பா பொனட்டைத் திறந்து மூன்று பிளக்கையும் கழற்றித் துடைத்து மாட்டினார். அம்மாவின் பெட்டி வாசலில் இருந்தது. என்னைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டுப் போனார்கள். கார் வழியில் எங்கும் நிற்கவில்லை. பின்னேரம் அப்பா தனியாக வந்து சேர்ந்தார்.

அழுது ஓய்ந்ததும் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

“எந்த பிளக் பழுதுப்பா?”

அப்பா, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, ஒவ்வொன்றாகக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். நுனிகள் பிஸ்கட் நிறத்தில் இருந்தன. நன்றாக எரிகிற பிளக்கின் நிறம் அது.

“மூணுமே நல்லாத்தாம்மா இருக்கு,” என்றார்.

அம்மாவுக்குக் கிடைத்த லீவே ஒரு மாதம்தான், திரும்பிப் போகிற டிக்கெட்டும் கைப்பையிலேயே வந்திறங்கியது என்பதெல்லாம் வத்தேகம முதலாளிக்குக்கூட அன்றைக்கே விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. அப்பா சொன்னதை நம்பாமல், மூன்றையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், துணியால் துடைத்துத் துடைத்து வெடிப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.