தானாக நகர்ந்த அம்புக்குறி

அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்தபோது என் கணவரை விட நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன். அவர் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறார். மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். வரும்போது தியேட்டரில் பார்ப்பது போலப் படம் பார்க்க வேண்டும் என்று, ஹட்டனில் ஒரு கடையில் சொல்லி, டிவியோடு இணைக்கும் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினார். கடையில் வேலை செய்த இளைஞர் வந்து எல்லாவற்றையும் பொருத்திக் கொடுத்தார். நான்கு மூலையிலும் ஸ்பீக்கர். கணவரோடு முகம் பார்த்துப் பேச டிவிக்கு மேலே ஒரு கேமரா.

"பிரச்சினைன்னா போன் பண்ணுங்கக்கா. கடையில இருந்தே இன்டர்நெட்ல பாத்துக்கலாம்" என்றார். தேநீர் குடித்துவிட்டு, மரியாதையாகச் சொல்லிக்கொண்டு போனார்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒன்று எங்கள் வீடு; அந்த முன்னறைதான் எங்களுக்கு எல்லாம். அங்கேதான் சாப்பிடுவோம், படுப்போம், உடுப்பு மாற்றுவோம். என் நாத்தனாரும் எங்களோடுதான் இருக்கிறாள். நோர்வூட்டில் ஒரு துணிக்கடையில் வேலை. எங்கள் போன்களில் இருந்த போட்டோக்களை எல்லாம் அவள்தான் பெட்டிக்குள் போட்டு வைத்தாள், பெரிதாகப் பார்க்கலாம் என்று.

நான் தோட்டத்து முன்பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அன்று லீவு. டிவியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்க, தரையில் உட்கார்ந்து போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று பாட்டு நின்றது. திரையின் நடுவில் அம்புக்குறி வந்து நகரத் தொடங்கியது. அதை நகர்த்தும் வயரில்லாத கீபோர்டின் மேல் ஏதாவது விழுந்திருக்கும் என்று பார்த்தேன். அது கட்டில் மேல் தனியாகக் கிடந்தது. எடுத்து பேட்டரியைக் கழற்றினேன். அம்புக்குறி நகர்ந்துகொண்டே இருந்தது.

பேய் பிசாசு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பேய்க்கு எங்கள் போட்டோக்கள் எதற்கு? அம்புக்குறி நேராகப் போய் அவற்றைத் திறந்தது. கல்யாணப் படங்கள், கோயில் திருவிழாப் படங்கள் எல்லாவற்றையும் வேகமாகத் தள்ளிவிட்டு, நாத்தனார் சேலை கட்டி எடுத்த ஒரு படத்தில் வந்து நின்றது. அதைப் பெரிதாக்கியது. இன்னும் பெரிதாக்கியது.

கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கப் பேச்சாகிவிடும். வாயைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். கேமராவில் சின்னப் பச்சை வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.

கொடியில் கிடந்த துண்டை இழுத்து அதன் மேல் போட்டேன். அந்தக் கணமே அம்புக்குறி நின்றுவிட்டது. அதுவரை இருந்த பயம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவன், நான் பார்த்துவிட்டதை இப்போது தெரிந்துகொண்டான். பிளக்கைப் பிடுங்கினேன். அப்புறமும் அந்த அறைக்குள் என்னால் இருக்க முடியவில்லை. மழையில் வாசற்படியில் உட்கார்ந்து, எத்தனை நாளாக இது நடந்திருக்கும் என்று யோசித்தேன். கடையில் இருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த இளைஞர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நாத்தனார் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன்.

"அண்ணனுக்குச் சொல்லிறாதீங்க அண்ணி. அவரு அவனை வெட்டிப்புடுவாரு."

"சொல்லாம எப்படி? நாளைக்கே நாம கடைக்குப் போவோம்."

பெட்டியை உரப் பையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஹட்டனுக்குப் போனோம். முதலாளி கல்லாவில் இருந்தார். அந்த இளைஞர் உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"நேத்து எங்க வீட்டுக்குள்ள வந்தது நீங்களா?" என்று கேட்டேன்.

"சர்வீஸ் பாக்கத்தான் அக்கா வந்தேன்."

"சர்வீஸுக்கு எதுக்கு எம் போட்டோவைப் பெருசாக்குனீங்க?" என்றாள் நாத்தனார்.

அவர் பின்பக்கமாகக் கையை நீட்டித் திரையை அணைக்கப் பார்த்தார். நாத்தனார் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். முதலாளியும் எழுந்து வந்தார். மூன்று பேரும் திரையைப் பார்த்தோம்.

அதில் ஒரு வீட்டின் முன்னறை தெரிந்தது. எங்கள் வீடு இல்லை. கொடியில் பள்ளிக்கூட யூனிபோர்ம் காய்ந்தது. எங்களுக்குத் தெரியாத ஒரு பெண் தரையில் உட்கார்ந்து தன் மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். பேன் இருக்கிறதா என்று வகிடு பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். ஒருமுறை நிமிர்ந்து, எங்களையே பார்ப்பதுபோல டிவியைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். அவளைக் கூப்பிட்டுச் சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை.

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "என் கடை பேரு போச்சேம்மா" என்றார். ஆனாலும் ஷட்டரை இறக்கிவிட்டு, அவரே பொலிஸுக்கு போன் செய்தார். பொலிஸில் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டேன். மீதியை நாத்தனார்தான் நிதானமாகச் சொன்னாள். கடைக் கம்ப்யூட்டரையும் அந்த இளைஞரின் போனையும் எடுத்துக்கொண்டார்கள். வழக்கு நடக்கிறது.

அன்று மாலையே கணவருக்குச் சொன்னோம். அடுத்த பஸ்ஸில் வந்தார். யாரையும் வெட்டவில்லை. "நாந்தானே அவனை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தேன்" என்றார்.

பெட்டி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. கேமராவும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. உள்ளே இருக்கும் சினிமாப் படங்களை மட்டும் பார்க்கிறோம். எங்கள் போட்டோக்கள் வெளியே போனதா என்று பொலிஸிலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. போன வாரம் தலவாக்கலை பஸ்ஸில் ஒரு ஆள் நாத்தனாரை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். அழகான பெண், பார்க்கத்தான் செய்வார்கள். அந்தச் சேலைப் படத்தைப் பார்த்தவனோ என்று எனக்கு மட்டும் தோன்றியது. இறங்கும்வரை அவனுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றுகொண்டே வந்தேன்.