செங்கல்மேல் நின்ற விமானம்

விமானத்தின் வயிற்றுப் பக்கத்துக்கு உப்புத்தாள் தேய்த்ததுதான் அத்தாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை.

அன்று வெள்ளிக்கிழமை. ஒரகடத்தில் கார் கம்பெனி ஒன்றின் பெயின்ட் ஷாப்பில் இன்ஜினீயராக இருந்த அனீஸா, லீவில் கூத்தாநல்லூர் வந்திருந்தாள். கொல்லையில் கொய்யா மரம் அடர்ந்து நின்றது. அத்தா அஹமது கபீர் அதன் நிழலை விட்டு விலகி, வெயிலில் பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு போர் விமானம். மாம்பலகையில் செதுக்கியது, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதல். முதுகிலும் இறக்கையிலும் மணல், காவி, சாம்பல் பச்சை என்று மூன்று நிறங்கள் திட்டுத்திட்டாக ஏறியிருந்தன. வயிறு மட்டும் இன்னும் வெறும் மரம்.

"நிழல்ல உக்காந்தா என்னத்தா? மண்ட காயுது."

"காயட்டும். நீ எறக்கைய ஆட்டாமப் புடி."

அம்மா ரஹ்மத் பீவி டீ டம்ளரோடு வந்தாள். "இந்த மனுசன் அரபு நாட்டுலேர்ந்து வந்ததுலேர்ந்து ஒருநாள் நிழல்ல உக்காந்து நான் பாத்ததில்ல. கருவாடு மாதிரி காஞ்சு கெடக்கு. ஏங்க, உங்க ஏரோப்ளேன் எப்பங்க பறக்கும்?"

"இது பறக்குறதுக்கு இல்ல."

"பின்ன?"

"பாக்குறதுக்கு."

ஆடி அமாவாசைக்கு முன்னால் அந்த விமானம் வேதாரண்யம் போய்ச் சேர வேண்டும். அங்கே கமலவல்லி காத்திருந்தாள். அவள் புருஷன் தியாகு, கபீரோடு வளைகுடாவில் ஒரே அறையில் தங்கி ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவன். தொண்ணூற்று ஒன்றில் அங்கே சண்டை வந்தபோது கபீர் திரும்பினார். தியாகு திரும்பவில்லை. செத்தான் என்றும் யாரும் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷம் அப்படியே போய்விட்டது. இப்போது அவர்களுடைய மகன் ரஞ்சித்துக்கு ஆவணியில் கல்யாணம்.

சித்திரையில் கமலவல்லி போன் செய்தாள். "பாய், பத்திரிக்கையில அவரு பேருக்கு முன்னால என்ன போடுறதுன்னு பொண்ணு வீட்டுல கேக்குறாங்க. இருக்காருன்னா இருக்காரு, இல்லன்னா இல்ல. ஆடி அமாவாசைக்கு ஊரே கடல்ல எறங்கி முழுக்குப் போடுது. நானும் எம் மவனும் மட்டும் கரையில நின்னு வேடிக்க பாக்குறோம். எங்க ஆளுங்க கடலுக்குப் போயி வரலன்னா, கூடப் போனவன் வந்து சொல்லுவான். அதுக்கப்புறம்தான் எல்லாம் செய்வோம். அவரு கூட இருந்தது நீங்கதான்."

"வர்றேம்மா," என்றார் கபீர். "வாயால சொன்னா உனக்கு வெளங்காது. செஞ்சு எடுத்தாந்து காட்டுறேன்."

அப்படித்தான் அந்த விமானம் தொடங்கியது.

கபீர் மன்னார்குடி லாரிப் பட்டறையில் பெயின்ட் அடித்துப் பழகியவர். கையில் பிரஷ் இருந்தால் கோடு நேராகப் போகும், பேச்சும் நன்றாக வரும். கல்யாணமாகி, அனீஸா பிறந்து, அவள் நடக்க ஆரம்பித்த பிறகு வளைகுடாவுக்குப் போனார். திரும்பி வந்தவரிடம் கோடு நேராகத்தான் இருந்தது. பேச்சு குறைந்துபோயிருந்தது. ஊரில் ஒரு டிங்கரிங் பட்டறையில் சேர்ந்தார். வெளிநாட்டுப் பணம் வந்து ஊருக்குள் புதுப்புதுக் கார்கள் நுழைந்த காலம் அது. பட்டறைக்கு எந்த வண்டி வந்தாலும் முதலில் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். கதவு, பானட், டிக்கி எல்லாவற்றையும். காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் வேலையில் இறங்குவார். அது தொழில் பழக்கம் என்று ஆட்கள் நினைத்தார்கள். வீட்டுக்கு வந்த பிரிட்ஜையும் தட்டினார். பள்ளிவாசலுக்குப் புதிதாகக் கட்டிய தூணையும் தட்டினார்.

"மாப்புள்ளையையும் தட்டிப் பாத்துட்டுத்தான் கபீர் பாய் பொண்ணு குடுப்பாரு," என்று பட்டறையில் சிரிப்பார்கள்.

அவரும் சிரிப்பார். ஏன் தட்டுகிறார் என்று இந்த விமான வேலை தொடங்கும்வரை அனீஸாவுக்குத் தெரியாது. லீவில் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பட்டி பார்க்கும்போது ஒரு துண்டு, பிரைமர் காயும்போது ஒரு துண்டு.

கம்பெனி அவர்களைக் கண்ணாடிக்குத் திரை போட்ட பஸ்ஸில் ஒரு பாலைவனத்துக்குக் கொண்டுபோனது. எந்த நாட்டுப் பாலைவனம் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. பொருட்காட்சிக்கு விமானம் செய்ய வேண்டும் என்றார் சூப்பர்வைசர். தச்சர்கள் மரச்சட்டத்தில் பிளைவுட் அறைந்து நிஜ அளவில் போர் விமானங்களைக் கட்டினார்கள். ஊரில் படகு கட்டியவன் தியாகு. படகுக்கு விலா வைப்பதுபோலவே விமானத்துக்கும் வைத்தான். "கவுத்துப் போட்டா கடல்லயே விடலாம்டா கபீரு," என்பான். சக்கரம் கிடையாது. இரும்புக் குழாயில் கால் வைத்து நிறுத்தினார்கள். பெயின்ட் கபீரின் பொறுப்பு.

சூப்பர்வைசர் சொன்னதை அத்தா அனீஸாவுக்குத் திருப்பிச் சொன்னார்: "மறைக்கணும், ஆனா முழுசா மறைஞ்சிடக் கூடாது. மேலேர்ந்து பாக்குறவன், இத ஒளிச்சு வெச்சிருக்கானுங்கன்னு நெனைக்கணும்."

அதைக் கேட்ட அன்றே அது பொருட்காட்சிக்கு இல்லை என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தது.

அந்த வெளியில் மரம், சுவர் எதுவும் கிடையாது. நிழல் என்றால் விமானங்களின் இறக்கை நிழல்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் அதற்கடியில் போய்ப் படுப்பார்கள். குளிர்காலம் வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. பெயின்ட் கையை உடுப்பிலேயே துடைத்துத் துடைத்து, எல்லோருடைய உடுப்பிலும் அந்த மூன்று நிறமும் ஏறியிருந்தது.

ஒருநாள் மணல்காற்று அடித்து ஓய்ந்தது. மறுநாள் போனபோது வரிசை கொஞ்சம் நீண்டிருந்தது. கபீர் தன் திட்டுகளையே பார்த்தார். அதே மணல், அதே காவி, அதே பச்சை. கால்களெல்லாம் மணலில் புதைந்திருந்ததால் எந்த விமானம் புதிது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. தியாகு ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனான். டொக், டொக், டொக். ஓரிடத்தில் வேறு சத்தம் வந்தது. அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"கபீரு, இது நம்ம புள்ள இல்லடா."

நிஜ விமானம். யாரோ கொண்டுவந்து பொய்களுக்கு நடுவே நிறுத்தி, கபீரின் பெயின்டைப் பார்த்து அப்படியே அடித்திருந்தார்கள். அதற்குப் பிறகு பாதி ஆட்கள் நிழலுக்குப் போவதை விட்டுவிட்டார்கள். தியாகு விடவில்லை. "எல்லாமே நாம அடிச்ச பெயின்ட்டு. நமக்கென்னடா பயம்?" என்றான்.

சண்டை தொடங்கிய பிறகு ஒரு மத்தியானம் பஸ் வந்து ஹாரனை விடாமல் அடித்தது. எல்லோரும் ஓடி ஏறினார்கள். தியாகுவைக் காணவில்லை. பெயர் சொல்லிக் கத்தினார்கள். டிரைவர் பஸ்ஸை நகர்த்த ஆரம்பித்தான். நல்ல கண் இருக்கிறவன் பார் என்று சூப்பர்வைசர் கபீரை ஜன்னல் பக்கம் தள்ளினார். கபீர் வரிசையை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். மணல், காவி, பச்சை. ஒவ்வொரு இறக்கைக்கடியிலும் நிழல்.

"அங்க யாரும் இல்ல," என்றார்.

பஸ் கிளம்பிக் கொஞ்சதூரம் போன பிறகு பின்னால் தரை அதிர்ந்தது. டிரைவர் நிறுத்தவில்லை. தியாகு வேறு வண்டியில் ஏறியிருப்பான் என்று யாரோ சொன்னார்கள். அதைத்தான் கபீர் ஊருக்கு வந்து கமலவல்லியிடம் சொன்னார்.

இதுவரை சொல்லியிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை பேசியது கால்களைப் பற்றி. விமானத்துக்கு இன்னும் கால் வைக்கவில்லை. இரண்டு செங்கல்மேல்தான் நின்றது. குழாய்க் கால்களும் குட்டிச் சக்கரங்களும் ஒரு தட்டில் தயாராக இருந்தன.

"எத வெக்கிறதுத்தா?"

"மரமா இருந்தா குழா. நெசமா இருந்தா சக்கரம்."

"அவரு படுத்தது எதுக்கடியில?"

கபீர் விமானத்தைத் திருப்பி வயிற்றைத் தடவினார். "அதான் தெரியல. தெரிஞ்சா நேத்தே கொண்டு போயிருப்பேன்."

"ஏதாச்சும் ஒண்ண வெச்சிடுங்க. அவங்களுக்கு என்ன தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்ல?" என்றார். உப்புத்தாளை மடித்து அவளிடம் கொடுத்தார். "அந்த ஓரத்த நீ தேய்."

அவள் தேய்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்த கபீர், பெயின்ட் சட்டையைப் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போனார். சாப்பிடக் கூப்பிட ரஹ்மத் பீவி பின்னாலேயே போனாள். ஆள் இல்லை. பட்டறைக்குப் போயிருப்பார் என்று திரும்பிவிட்டாள். சோறு ஆறியது. மறுபடியும் போய்ப் பார்த்தாள். வெயிலில் பலகை கிடந்தது. தெருவில் விசாரித்தாள். பள்ளிவாசலுக்கும் ஆள் அனுப்பினாள். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகுதான், துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டு அனீபா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினான்.

கபீர் கொய்யா மரத்து நிழலில் மல்லாந்து படுத்திருந்தார். இலை நிழல் மேலே ஆடிக்கொண்டிருந்தது. உடம்பு குளிர்ந்திருந்தது. மாரடைப்பு என்றார் டாக்டர்.

அனீஸா வந்து சேர்ந்தபோது அம்மா ஒன்றையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ரெண்டு தரம் பாத்தேன் புள்ள. அந்த மரத்துக்கு நேரதான் நின்னேன். அங்க யாரும் இல்ல."

கண் கூசியிருக்கும் என்றாள் அனீஸா. சட்டை நிறமும் இலை நிழலும் ஒன்றாகத் தெரிந்திருக்கும் என்றாள். அவள் படித்த படிப்புக்கு அது சரியான விளக்கம். சொன்ன பிறகு அவளாலும் அந்த மரத்தின் பக்கம் போக முடியவில்லை.

மூன்றாம் நாள் பாத்திஹா முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். அனீஸா விமானத்தை உள்ளே எடுத்து வைக்கப் போனாள். செங்கல்மேல் அப்படியே இருந்தது. ஏனென்று தெரியாமல் விரல் முட்டியால் முதுகைத் தட்டினாள். டொக். வயிற்றைத் தட்டினாள். டொக். இடது இறக்கையைத் தட்டினாள். மெல்லிசாக, நீளமாக ஒரு கணகணப்பு.

"யாரு புள்ள, கதவத் தட்டுறது?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

"யாருமில்லம்மா."

இறக்கையைப் பொருத்த உள்ளே கம்பி வைத்திருப்பார், அதன்மேல் பட்டி கனமாக விழுந்திருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மறுபடி தட்டிப் பார்க்கவில்லை. தட்டிலிருந்த குழாய்களையும் சக்கரங்களையும் கொஞ்சநேரம் பார்த்தாள். இரண்டையும் ஒரு பொட்டலமாகக் கட்டினாள்.

ஆடி அமாவாசை வந்தது. புருஷன் இறந்து இத்தா காலத்தில் இருந்ததால் ரஹ்மத் பீவி வீட்டைவிட்டு வெளியே போக முடியாது. அனீஸா விடியுமுன்னே தனியாகக் கிளம்பினாள். மன்னார்குடியில் ஒரு பஸ், திருத்துறைப்பூண்டியில் ஒரு பஸ். வழி நெடுக வாய்க்காலில் தண்ணீர் ஓடியது, குறுவை பச்சைப்பிடித்திருந்தது. துண்டு சுற்றி மடியில் வைத்திருந்த விமானத்தின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, ஏரோப்ளேன வெச்சிக்கிட்டு பஸ்ஸுல வர்ற?" என்றார் கண்டக்டர். பஸ்ஸில் நாலுபேர் சிரித்தார்கள்.

கமலவல்லி வாசலிலேயே நின்றாள். தெருவில் ஈரத்துணியோடு ஜனங்கள் கடற்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். அவள் சேலை காய்ந்திருந்தது. பக்கத்தில் ரஞ்சித் நின்றான், அவனும் காய்ந்த வேட்டியோடு.

கபீர் இறந்ததைப் போனிலேயே சொல்லியிருந்தாள் அனீஸா. கமலவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள். பிறகு உள்ளே போய் இரண்டு செங்கல் கொண்டுவந்து போட்டார்கள். அனீஸா விமானத்தை நிறுத்தி, அத்தா சொன்னதையெல்லாம் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, கால் ஏன் இல்லை என்பதையும் சொன்னாள்.

கமலவல்லி குனிந்து, தலையைச் சாய்த்து இறக்கைக்கடியில் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இதுக்கடியிலயா?"

"இந்த மாதிரி ஒண்ணுக்கடியில."

"உங்க அத்தா கண்ணால பாத்தாரா?"

"பாத்தாங்க. ஆளு தெரியலன்னு சொன்னாங்க."

"போயிட்டாருன்னு சொன்னாரா?"

அனீஸா யோசித்தாள். "அந்த வார்த்தைய எங்கிட்ட சொல்லல."

"எங்கிட்ட வந்து சொல்றேன்னாரும்மா." கமலவல்லி நிமிர்ந்தாள். "சரி, நீயாச்சும் சொல்லு. இன்னும் வெயில் ஏறல. இப்பப் போனாக்கூட முழுகிடலாம்."

ரஞ்சித் அனீஸாவைப் பார்த்தான். ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டால் அவர்கள் கடலில் இறங்கிவிடுவார்கள்.

"நான் அங்க இல்லையேம்மா," என்றாள்.

"ஆமா," என்றாள் கமலவல்லி. குரலில் கோபம் இல்லை. "நீ அங்க இல்ல. டீ குடிச்சிட்டுப் போ."

ஆவணி பிறப்பதற்குள் கூத்தாநல்லூருக்கு ரஞ்சித்தின் கல்யாணப் பத்திரிகை வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. கமலவல்லியின் பெயருக்கு மேலே தியாகு பெயர் இருந்தது. அதற்கு முன்னால் எதுவும் போடாமல், ஒரு விரல் அகலத்துக்கு வெறுமனே இடம் விட்டிருந்தார்கள்.